மண்டபச் சுவரில் விட்டுப்போன வரிசை

புதிதாக வகுப்பை ஏற்றுக்கொள்ளும் உங்கள் மூவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் நான் ஜொகூருக்கு வேலை மாறிப் போகிறேன். ஐந்து வருடம் நடத்திய சனிக்கிழமை வகுப்பு இனி உங்கள் பொறுப்பு. கோயில் மண்டபச் சாவி, மார்க்கர் பேனாக்கள், பிள்ளைகளின் பெற்றோர் எண்கள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு பேனரைப் பார்ப்பீர்கள். அது எப்படி வந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி உங்களுக்கு இருக்கும் நல்ல எண்ணம் இதைப் படித்த பிறகு கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

நம் வகுப்புக்கு வருவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள். நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிலர், மெர்லிமாவிலிருந்து சிலர். பரீட்சைக்கு வராத ஒன்றைப் பேச வேண்டும் என்பதுதான் நம் ஒரே விதி. பள்ளியில் விடைத்திட்டத்தை மனப்பாடம் செய்து பழகியவர்கள். 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்டால் புத்தகத்தைத் தேடுவார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்க நான் எடுத்துக்கொண்ட பொருள் பழைய ரோம். அதன் அரசியல், சிலைகள், கவிதைகள். ஏன் ரோம் என்று ஒரு அப்பா என்னைக் கேட்டார். பாதுகாப்பான இடம் என்று சொன்னேன். இந்த நாட்டில் எதைத் தொட்டாலும் யாருடைய இனமாவது மதமாவது கட்சியாவது புண்படும். ரோமில் நமக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. அப்படித்தான் நம்பினேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை. அன்றைய பேச்சு, ரோமில் பெரிய மனிதர்கள் எப்படிப் பெரிய மனிதர்களாக இருந்தார்கள் என்பது. விடிந்ததும் ஏழை எளியவர்கள் ஒரு பெரிய வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வணக்கம் சொல்வார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கூடை கொடுப்பார், வழக்கு இருந்தால் பேசித் தீர்ப்பார், வேலைக்குச் சொல்லிவிடுவார். பதிலுக்கு அவர்கள் அவர் வெளியே போகும்போது பின்னால் நடக்க வேண்டும், தேர்தல் வந்தால் கை கொடுக்க வேண்டும். பின்னால் நடக்கும் கூட்டத்தின் அளவுதான் அவருடைய மரியாதை. வீட்டுக் கூடத்தில் அவருடைய முன்னோர்களின் மெழுகு முகங்களை வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். காத்திருப்பவர்கள் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

யாழினி நன்றாக வரைவாள். பெரிய மஹ்ஜோங் தாளைச் சுவரில் ஒட்டி அந்த வாசலை வரைந்தாள். நாற்காலியில் ஒரு ஆள், முன்னால் கூடைகள், எதிரே நீண்ட வரிசை.

"கண்ணாடி போடு லா," என்றான் கிஷோர். "கறுப்புக் கண்ணாடி. அப்பத்தான் களை வரும்."

"ரோமன் காலத்துல ஏதுடா கறுப்புக் கண்ணாடி?" என்றாள் யாழினி.

"அப்ப ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க?"

உண்மையிலேயே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். யாரைப் பற்றி என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வட்டாரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பண்டிகைப் பொருள் கொடுப்பவர் ஒருவர்தான். அவரை எல்லாரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். குத்தகை எடுத்து ஆள் அனுப்புபவர். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் சாரம் கட்டப் போகும் எங்கள் ஆட்களின் பெயர்ப் பட்டியல் அவர் கையால்தான் போகும். வீட்டுக்கு மனு போட்டாலும், பிள்ளையின் படிப்புக்கு உதவிச் சம்பளம் கேட்டாலும், அவருடைய ஆதரவுக் கடிதம் இருந்தால் நல்லது என்பார்கள். யாழினி கண்ணாடியை வரைந்தாள்.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். "இந்த வரிசையில உங்க வீட்டுல யாராச்சும் நின்னிருப்பாங்களா? பேரை எழுதுங்க."

ஆசிரியன் தயங்கினால் பிள்ளைகளும் தயங்குவார்கள் என்று, முதலில் நானே மார்க்கரை எடுத்து என் அம்மாவின் பெயரை எழுதினேன். பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள். யாழினி தன் அப்பா பெயரை எழுதினாள்: முனியாண்டி. ஏழு பிள்ளைகள், பதினொரு பெயர்கள். இவ்வளவு நல்ல வகுப்பு இதுவரை அமைந்ததில்லை என்று எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மெர்லிமாவ் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். முந்தின மாதம் ஒட்டுநாடாவைப் பிய்த்ததில் சுவர்ச் சாயம் பெயர்ந்து, கோயில் கமிட்டிக்காரர்கள் என்னைத் திட்டியிருந்தார்கள். ஈரத்துணி வைத்து மெதுவாக எடுக்க வேண்டும், சாவகாசமாக வந்து எடுக்கலாம் என்று தாளை அப்படியே விட்டுவிட்டு மண்டபத்தைப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் அதே மண்டபத்தில் தலைவர் தீபாவளிப் பொருட்கள் கொடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அழைப்பிதழ் என் கைப்பேசியிலேயே இருந்தது. தெரிந்தும் மறந்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்குப் படங்கள் வரத் தொடங்கின. அரிசி, எண்ணெய், முறுக்கு மாவு வைத்த பைகள். வரிசையில் எங்கள் ஆட்கள். நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு தலைவர். அவர் நின்றது சரியாக அந்தச் சுவருக்கு முன்னால். பைகளை அடுக்கும் அவசரத்தில் யாரும் சுவரைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அவர் பின்னால் இன்னொரு கறுப்புக் கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கூடை கொடுத்துக்கொண்டிருந்தார். படங்கள் அவருடைய முகநூல் பக்கத்திலேயே ஏறியிருந்தன. யாரோ பெரிதாக்கிப் பெயர்களைப் படித்து, சிரிக்கும் முகங்களோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள்.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில் நிறுத்தினேன். இனி எதை எடுக்கப் போகிறோம் என்று தோன்றியது. அங்கேயே, செம்பனை மரங்களுக்கு நடுவில் நின்றபோது கைப்பேசி அடித்தது. தலைவரின் செயலாளர்.

"தம்பி, அந்தப் பேப்பரு யாரு ஒட்டுனது?"

குரலில் கோபமே இல்லை. என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"அண்ணே, நான் அப்ப அங்க இல்லண்ணே. தண்ணி வாங்க வெளிய போயிருந்தேன். பிள்ளைங்க ஏதோ விளையாட்டா..."

"எந்தப் பிள்ளைங்க?"

"தெரியலண்ணே."

"சரி தம்பி. பாத்துக்கலாம்."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை தூரம் வந்தேன். யார் பெயரையும் நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் 'நான் அங்கே இல்லை' என்று சொன்ன நொடியில் அந்தச் சுவருக்கு முன் ஏழு பிள்ளைகளை மட்டும் நிறுத்திவிட்டு நான் விலகியிருந்தேன். எனக்கு முன் வகுப்பை நடத்தியவரிடம் தொலைபேசியில் யோசனை கேட்டேன். "சும்மா இருங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க," என்றார். அந்த யோசனை எனக்கு இனித்தது. சும்மா இருந்தேன்.

திங்கள் மாலை யாழினி அழைத்தாள். எடுக்கலாமா வேண்டாமா என்று நாலு முறை மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தேன்.

"சார், அப்பாவோட பாஸ் வரல. மத்தவங்க எல்லாருக்கும் வந்துடுச்சு. அடுத்த வாரம் வேலை ஆரம்பிக்குது. செயலாளர் அங்கிள் வீட்டுக்கு வந்தாரு. கோயில் போர்டுல எழுதுறது நான்தான்னு அவருக்குத் தெரியும், கையெழுத்தப் பாத்துட்டாரு. சார் அங்க இல்லையாம், பிள்ளைங்களாவே செஞ்சதாம்னு அப்பாகிட்ட சொன்னாரு."

கைப்பேசியை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"சார், நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க?"

ஆலைக்குள் நுழைய அந்த பாஸ் வேண்டும். அது இல்லாவிட்டால் வாசலோடு சரி. முனியாண்டி அண்ணன் வருடம் முழுவதும் கிடைத்த வேலையைச் செய்து, அந்த ஆறு வாரச் சாரம் கட்டும் வேலையை நம்பித்தான் வீட்டை ஓட்டுகிறார். யாழினியின் அடுத்த வருடப் படிப்பும் அதில்தான் இருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. நாளை என் வீட்டுக்கும் யாராவது வருவார்களோ, பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் ஒப்பந்தத்தை யாராவது தொடுவார்களோ என்று கணக்குப் போட்டேன். அம்மா பெயரையும் நான்தானே எழுதினேன்.

செவ்வாய் காலை ஏழரைக்குத் தலைவரின் வீட்டுக்குப் போனேன். பெரிய தாமான் குடியிருப்பு, மூலை வீடு. கார் நிறுத்தும் இடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏற்கெனவே ஒன்பது பத்துப் பேர் காத்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் முனியாண்டி அண்ணன், மடியில் ஒரு ஆரஞ்சுப் பழப் பையோடு. என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

தாமான் கடையில் பலகாரம் விற்கும் லெட்சுமி அக்காவும் இருந்தார். "என்ன சார், நீங்களும் லெட்டருக்கா? கடைசியில போய் உக்காருங்க. படிச்சவங்களுக்கு வேற லைன் இல்ல லா."

சிலர் சிரித்தார்கள். நான் கடைசியில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட படங்கள்: தலைவர் அமைச்சர்களோடு, தலைவர் கோயில் கும்பாபிஷேகத்தில், மாலை போட்ட அவருடைய அப்பா. நாற்காலிகள் எல்லாம் அந்தப் படங்களைப் பார்த்தே போடப்பட்டிருந்தன. மெழுகு முகங்களைப் பற்றி நான் எத்தனை சுவாரசியமாகச் சொல்லிக்கொடுத்தேன்! அவற்றுக்கு எதிரே உட்காரும்போது தலை தானாகக் குனியும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை.

தலைவர் வெளியே வந்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கண்கள் களைத்துப்போய், சாதாரண மனிதராக இருந்தார்.

"சார் வந்திருக்கீங்களா! பசியாறிட்டீங்களா?" என்றவர், செயலாளரிடம் திரும்பி, "அந்தப் பேப்பரக் கொண்டாங்க," என்றார்.

செயலாளர் தாளைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் விரித்துப் பிடித்தார்.

"நான் அஞ்சாம் ஃபாரத்தோட நிறுத்துனவன் சார். இவங்களும் தெரிஞ்சிக்கட்டும். என்ன பாடம் இது, விளக்குங்க."

நின்றபடி விளக்கினேன். ரோம், காலை வணக்கம், கூடை. என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"அரிசியா குடுத்தாங்க?" என்று கேட்டார் லெட்சுமி அக்கா.

"சாப்பாட்டுக் கூடைக்கா."

"எண்ணெய்?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். "நல்ல ஆளாத்தானே இருக்கான் அந்த ரோமன். உதவி செஞ்சிருக்கான். அப்புறம் அவனுக்கு எதுக்கு சார் இந்தக் கண்ணாடி?"

சிரிப்பு நின்றது. முனியாண்டி அண்ணனின் கை பழப்பையை இறுக்கியது. பிளாஸ்டிக் கசங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. 'பிள்ளைங்க' என்று ஆரம்பித்துத் தப்பிக்க வழி அப்போதும் இருந்தது. நாக்கு நுனி வரை அந்தச் சொல் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"நான் அங்கதான் இருந்தேன் தலைவரே," என்றேன். "செயலாளர் அண்ணன்கிட்ட பொய் சொன்னேன். பேர் எழுதச் சொன்னது நான். முதல் பேரு எங்க அம்மா பேரு, என் கையெழுத்து. பிள்ளைங்க மேல தப்பு இல்ல."

"தெரியும் சார்." அவர் மிக மெதுவாகச் சொன்னார். "உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? மண்டபம் வேணும்னு போன வருஷம் எனக்கு நீங்க எழுதுன லெட்டரு இன்னும் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்."

பதினொரு பெயர்களில் என் பெயரை நான் எழுதவில்லை. என்னை வரிசைக்கு வெளியே நின்று பாடம் நடத்துபவனாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தது வேறு. "நல்ல வகுப்பு சார் இது. நம்ம பிள்ளைங்க பேசக் கத்துக்கணும். மண்டபத்துல புழுக்கமா இருக்குமே, ஏர்கான் போட்டுத் தர்றேன். ஒரு பேனர் மட்டும் வைங்க, எம் படத்தோட. ஆதரவுன்னு போட்டா போதும்." முனியாண்டி அண்ணனைப் பார்த்தார். "உன் பாஸ் ஆபீஸ்லதான் இருக்கு முனியாண்டி. சார் சரின்னு சொன்னா இன்னைக்கே வாங்கிக்க."

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் பாஸ் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும். ஒரு நாள், ஒரு வாரமாகலாம்.

"சரிங்க தலைவரே," என்றேன்.

அது சரியான முடிவா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றுவரை எனக்கும் தெரியாது.

வெளியே மோட்டாருக்குப் பக்கத்தில் முனியாண்டி அண்ணன் காத்திருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நெளிந்தேன்.

"சார், எம் பேர எழுதச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணே."

"நான் இங்க வந்து நிக்கிறது ஊருக்கே தெரியும். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. எம் மகளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. அவகிட்ட ஆபீஸுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வருவேன்."

பழப்பையை உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார். பிறகு கிளம்பிப் போய்விட்டார்.

வகுப்பில் நீங்கள் எத்தனையோ கேள்விகள் கேட்பீர்கள். பிள்ளைகள் துணிந்து பதில் சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அந்தப் பதிலில் வகுப்பில் இல்லாத ஒருவருடைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மார்க்கரைக் கீழே வையுங்கள்.

அந்தச் சனிக்கிழமை பேனர் ஏறியது. குளிர்சாதனமும் வந்தது. பிள்ளைகளிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், தண்ணீர் வாங்கப் போனதாகச் சொன்ன பொய்யையும் சேர்த்து. யாழினி என்னைப் பார்க்கவில்லை. கிஷோர்தான் கேட்டான்: "அப்ப இனிமே கண்ணாடி ஜோக் இல்ல?" யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் பல வாரங்கள் ரோமின் சாலைகளையும் தூண்களையும் பற்றியே பேசினோம். கல்லைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வெளியே கார் சத்தம் கேட்டால் எல்லார் பேச்சும் ஒரே நேரத்தில் தணியும். அந்த அமைதியை உண்டாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு.

ஆலை வேலை முடிந்து முனியாண்டி அண்ணன் சம்பளம் வாங்கிய பிறகு, பேனரைக் கழற்றலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், வேண்டுமானால் வேறு இடம் தேடலாம் என்றேன். கை தூக்கச் சொன்னேன். ஆறு பேர் கழற்றலாம் என்றார்கள். யாழினி கை தூக்கவில்லை.

"அடுத்த வருஷமும் வேலை வரும் சார். லிஸ்ட்ல அப்பா பேரு வரணும். இருக்கட்டும்."

ஆறு கைகளும் மெல்ல இறங்கின.

அதோடு அவள் வகுப்பை நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. அடுத்த வாரம் ரோமின் கவிதைகளைப் பற்றிப் பேசினோம். அந்தக் கவிஞர்களில் சிலரும் பெரிய வீட்டு வாசலில் நின்றவர்கள்தான், காத்திருந்து காத்திருந்து சலித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். பேனருக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த யாழினி பேனாவை மூடினாள்.

"அவங்க எழுதத் தெரிஞ்சவங்க சார். அவங்களுக்குப் பின்னால நின்னவங்க? பயந்தாங்களா, இல்ல பழகிப்போச்சா? அவங்க எழுதுனது ஒண்ணுமே இல்லையா?"

"அனேகமா இல்லம்மா. எழுதியிருந்தாலும் நம்ம கைக்கு வரல," என்றேன்.

"அப்ப நமக்கு எப்படித் தெரியும்?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு நோட்டில் எதையோ எழுத ஆரம்பித்தாள். என்ன என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி வரிசைகளில் நின்றவர்கள் ஏராளம். அவர்களில் ஒரு பக்கம் முழுதாக எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதி வைக்கிறேன். யாழினியின் பெயரையும் அவள் அப்பாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இந்த முறை இருவரையும் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். தலைவரின் பெயர் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆலை வேலைக்கு இந்த வருடத்துப் பட்டியல் இன்னும் வரவில்லை.